எல்லாக் கருங்கல்லிலும் யுரேனியம் இருந்தால் சுரங்கம் எதற்கு?

கேள்வி: கிரானைட் பாறை எதை எடுத்தாலும் அதில் யுரேனியம் இருக்கிறதாம். பூமியில் வெள்ளியைவிட யுரேனியம்தான் அதிகமாம். அப்படியானால் கண்ணில் படும் மலையை அரைத்து எடுக்க வேண்டியதுதானே? ஏன் ஏதோ சில நாடுகளில் மட்டும் ஆழமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்? இது வேண்டுமென்றே உருவாக்கிய தட்டுப்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 2, இரவு 9.40

இருக்கிறது, அதில் தகராறு இல்லை. பூமியின் மேலோட்டில் சராசரியாக ஒரு டன் பாறைக்கு 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாக யுரேனியம் உண்டு. வெள்ளி 0.1 கிராம்கூடத் தேறாது. கிரானைட்டில் 4 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் "இருக்கிறது" என்பதற்காக யாரும் சுரங்கம் வெட்டுவதில்லை. வெட்டி, தூக்கி, அரைத்து, கரைத்து, கழிவை ஒதுக்கிவைத்த பிறகும் கையில் ஏதாவது நின்றால்தான் அது தாது. விலை ஏறினால் பாறை தாதுவாகிவிடும், இறங்கினால் அதே தாது மறுபடி வெறும் கல். நான் கல்லைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். பெரும்பாலும் செம்புச் சுரங்கத்தில், நடுவில் சில காலம் யுரேனியம் தேடும் வேலையில். தட்டுப்பாட்டுச் சதி எதுவும் என் கண்ணில் படவில்லை, கணக்குப் புத்தகம்தான் பட்டது.

மார்ச் 3, காலை 6.55

சரி, மலையை அரைத்தே பார்ப்போம். டன்னுக்கு 4 கிராம், அதில் 90 சதவீதம் கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டால், 1 கிலோ யுரேனியத்துக்குச் சுமார் 280 டன் கிரானைட் வேண்டும். மாவாக அரைக்க டன்னுக்கு 15 யூனிட் மின்சாரம் என்றால் 4,200 யூனிட். இன்றைய சாதாரண அணு உலையில் 1 கிலோ இயற்கை யுரேனியத்திலிருந்து 40,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வருகிறது. ஆக அரைப்பதற்கே பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது, இருந்தாலும் மின்சாரக் கணக்கில் நஷ்டமில்லை. இடிப்பது அமிலத்தில். டன்னுக்கு 20 கிலோ கந்தக அமிலம் என்று போட்டால் ஒரு கிலோவுக்கு ஐந்தரை டன்னுக்கு மேல் அமிலம் கொட்ட வேண்டும். அப்புறம் அமிலத்தில் ஊறிய 280 டன் சேற்றை என்ன செய்வது என்று ஊர் கூடி யோசிக்க வேண்டும். அந்த 90 சதவீதமும் நடக்காத காரியம்தான், ஏனென்றால் கிரானைட்டில் யுரேனியத்தின் ஒரு பகுதி சிர்க்கான் மாதிரியான கனிமங்களுக்குள் பூட்டிக்கொண்டு கிடக்கும், சாதாரண அமிலம் அதைத் தொடக்கூட முடியாது.

செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. கட்டுப்படியாகாது.

மார்ச் 3, மதியம் 1.20

"அப்படியானால் செம்பு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது" என்று கேட்டவருக்கு. எந்த உலோகமானாலும், இயற்கை அதைச் சராசரியைவிட எத்தனை மடங்கு ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டிய எண். இரும்பு மேலோட்டிலேயே 5 சதவீதம். நல்ல இரும்புத் தாது 60 சதவீதம். பன்னிரண்டு மடங்கு போதும், பிழைத்துக்கொள்ளலாம். அலுமினியத்துக்கு மூன்று மடங்கே போதும். செம்பு மேலோட்டில் டன்னுக்கு 60 கிராம் அளவில், 0.5 சதவீதத் தாதுவைப் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்கள் தோண்டி எடுக்கின்றன, அது எண்பது மடங்குக்கு மேல். தங்கத்துக்குச் சில நூறு மடங்காவது வேண்டும். யுரேனியத்தில் நமீபியாவின் ராசிங் சுரங்கம் மாதிரி டன்னுக்கு 300 கிராம் அளவில் இருக்கிற பாறையை, அள்ளுவதற்குச் சுலபமான பெரிய குழி என்பதால் நடத்துகிறார்கள். அதுவே நூறு மடங்கு. ஆக உங்கள் கிரானைட் மலை அந்தக் குழியைவிட எழுபத்தைந்து மடங்கு பின்தங்கி நிற்கிறது.

மார்ச் 4, இரவு 10.15

இயற்கை எப்படிச் சேர்த்துவைக்கிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

யுரேனியத்துக்கு இரண்டு முகம். ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் அது கரைந்து ஓடும். ஆக்சிஜன் இல்லாத இடத்துக்குப் போனால் கரையாமல் படிந்துவிடும். மழைநீர் கிரானைட்டிலோ எரிமலைச் சாம்பலிலோ இருந்து துளித்துளியாக யுரேனியத்தைக் கழுவிக்கொண்டு மணற்கல்லுக்குள் இறங்குகிறது. மணற்கல்லுக்குள் பழைய மரத்துண்டு, மக்கிய இலை, பைரைட் என்று ஆக்சிஜனைத் தின்கிற சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீரின் குணம் மாறுகிறது, யுரேனியம் இறங்கிவிடுகிறது. பின்னால் இன்னும் ஆக்சிஜன் தண்ணீர் வர, படிந்தது மறுபடி கரைந்து சற்றுத் தள்ளிப் படிகிறது. இப்படியே லட்சக்கணக்கான ஆண்டுகள் நகர்ந்து நகர்ந்து, குறுக்கு வெட்டில் பிறை வடிவத்தில் ஒரு தாதுப் படிவம் உருவாகிறது. பிறையின் உட்பக்க மணற்கல் துருப்பிடித்த மஞ்சள் சிவப்பு, வெளிப்பக்கம் சாம்பல் நிறம். துளையிட்டு எடுத்த பாறை உருளையில், நாங்கள் கோர் என்போம், இந்த இரண்டு நிறமும் மாறுகிற இடம் தெரிந்தால் மனசு வேகமாக அடிக்கும்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கப் பகுதியான விட்வாட்டர்ஸ்ராண்ட். அங்கே தங்கத்தோடு சேர்ந்து யுரேனினைட் என்ற யுரேனியக் கனிம மணிகள் பழைய ஆற்றுக் கூழாங்கல்லுக்கு நடுவே கிடக்கின்றன. இன்றைய ஆற்றில் அந்த மணியைப் போட்டால் கரைந்து காணாமல் போகும். 280 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் இல்லாததால் அது கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக உருண்டு வந்து தங்கியிருக்கிறது.

மார்ச் 5, காலை 7.30

யுரேனியக் கல் பச்சையாக ஒளிருமா என்று ஒரு கேள்வி. ஒளிராது. சினிமாக்காரர்கள் எங்கே பிடித்தார்களோ. யுரேனியத் தாதுவான பிட்ச்பிளெண்ட் கறுப்பாக, தார் பூசினது மாதிரி மங்கிய பளபளப்போடு இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும், அதுதான் முதலில் உறைக்கும். ஆட்டுனைட் என்று மஞ்சள் பச்சையில் ஒன்று உண்டு, புற ஊதா விளக்கடியில் வைத்தால் பளிச்சென்று பச்சை அடிக்கும். விளக்கை அணைத்தால் அதுவும் சாதுவாகிவிடும். நம் சினிமா ஆட்கள் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

மார்ச் 6, இரவு 11.05

கதிர் அளக்கும் கருவி கத்தினால் யுரேனியம் உண்டு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு சுலபமில்லை, இது நான் நேரில் பார்த்த விஷயம்.

கோர் கொட்டகையில் நீள மரப்பெட்டிகளில் உருளைகளை ஆழ வரிசைப்படி அடுக்கியிருப்போம். தண்ணீர் தெளித்தால்தான் நிறமும் மணலின் பருமனும் தெரியும், அதனால் கையில் எப்போதும் ஒரு தெளிப்பான். சின்டிலேட்டர் என்கிற அந்தக் கருவியை உருளையின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போவோம். ஒரு நாள் ஒரு பெட்டியில் முள் ஏறிக்கொண்டே போனது, சத்தம் தனித்தனி டிக் டிக் என்பதை விட்டு ஒரே இரைச்சலாகிவிட்டது. கொட்டகையே கூடிவிட்டது. மாதிரியை அரைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் வந்த எண் பரிதாபம். துருப்பிடித்த பக்கத்து மணற்கல் அது.

காரணம் இதுதான். யுரேனியம் 238 நேராக ஈயமாகிவிடாது, 14 படி இறங்கும். நாம் தூரத்திலிருந்து கேட்கிற காமா கதிரில் பெரும்பகுதி கீழ்ப்படிகளில் உள்ள பிஸ்மத் 214, ஈயம் 214 ஆகியவற்றின் சத்தம், யுரேனியத்துடையது அல்ல. இரண்டும் ரேடியத்திலிருந்து வருகின்றன. தண்ணீர் வந்து யுரேனியத்தைக் கழுவிக்கொண்டு முன்னால் போய்விட்டது, ரேடியமும் அதற்கு மேல்படியில் உள்ள தோரியம் 230-உம் அதே இடத்தில் நின்றுவிட்டன. ரேடியம் 226-இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு, தோரியம் 230-க்கு ஏறக்குறைய 75,000. அதனால் ஆள் காலி செய்த வீட்டில் நெடுங்காலம் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பிறையின் முன்பக்கத்தில் தலைகீழ்: புதிதாக வந்த யுரேனியம் இருக்கும், பிள்ளைகள் இன்னும் பிறந்திருக்காது, கருவி அடக்கி வாசிக்கும். அதைத் தவறவிடுவதுதான் இன்னும் கொடுமை.

மார்ச் 7, காலை 8.10

தோண்டுவதன் அடிப்படை கேட்டவருக்குச் சுருக்கமாக. முதலில் துளை போட்டு, துளைகளுக்கு நடுவே உள்ளதைக் கணித்து, பூமிக்குள் ஒரு பெட்டி வரிசை மாதிரி வரைவோம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தரம். இந்த எண்ணுக்குக் கீழே உள்ளது கழிவுமேட்டுக்கு, மேலே உள்ளது ஆலைக்கு என்று ஒரு கோடு கிழிப்பார்கள். அந்தக் கோடு விலையோடு நகரும். வெடி வைத்தால் தாது மட்டும் விழாது, பக்கத்துச் சுவரும் சேர்ந்து விழும். ஆலைக்காரர்கள் "நீ சொன்ன தரம் எங்கே" என்பார்கள், வெடி வைத்தவர்கள் "வரைபடம் தப்பு" என்பார்கள், நடுவில் நிற்பது நாங்கள். செம்பிலும் இதே பஞ்சாயத்துதான். யுரேனியத்தில் ஒரே ஒரு வசதி: ஒவ்வொரு லாரியையும் கதிர் அளக்கும் வளைவுக்குக் கீழே ஓட்டி, தாதுவா கழிவா என்று சில நொடிகளில் பிரிக்கலாம். செம்புக்கு அப்படிக் கத்துகிற குணம் இல்லை. (போன குறிப்பில் சொன்ன சிக்கல் இங்கே குறைவு. கெட்டிப் பாறையில், தண்ணீர் புகாத இடத்தில், தாயும் பிள்ளைகளும் ஒன்றாகவே இருப்பார்கள்.)

மார்ச் 7, இரவு 9.50

"தரம் அதிகமான இடத்தில் வேலை சுலபம்தானே." அதுவும் இல்லை. கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் சிகார் லேக், தரம் 15 சதவீதம் அளவில். டன்னுக்கு 150 கிலோ, உங்கள் கிரானைட்டின் 4 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாது 400 மீட்டருக்கும் கீழே, தண்ணீர் நிறைந்த மணற்கல்லும் அடிப்பாறையும் சந்திக்கிற இடத்தில். 1981-இல் கண்டுபிடித்தார்கள். 2006-இல் தண்ணீர் புகுந்து சுரங்கமே முழுகியது, 2008-இல் இறைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி புகுந்தது, 2014-இல்தான் தாது வெளியே வந்தது. இப்போது குளிரூட்டிய உப்புநீரைக் குழாய்களில் ஓடவிட்டு நிலத்தையே உறையவைக்கிறார்கள். தாதுவுக்கு முன்னால் ஆள் நிற்க முடியாத அளவு கதிர், அதனால் கீழே உள்ள பாறையில் பாதை வெட்டி, அங்கிருந்து மேலே துளைபோட்டு, உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சித் தாதுவைக் கரைத்துக் குழாய் வழியாகவே இறக்குகிறார்கள். தாதுவை யாரும் கையால் தொடுவதில்லை.

மார்ச் 9, மாலை 6.40

தோண்டாமலேயே எடுக்கும் முறை இருக்கிறதே, அதைச் சொல்லவில்லையே என்றார் ஒருவர். இருக்கிறது, இன்று உலக யுரேனியத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான் வருகிறது. கஜகஸ்தான் மட்டுமே உலக உற்பத்தியில் 40 சதவீதம் அளவு, ஏறக்குறைய எல்லாம் இந்த வழியில். மேலும் கீழும் களிமண் அடுக்கு, நடுவே நீர் புகும் மணற்கல், அதற்குள் அந்தப் பிறை. ஒரு பக்கக் கிணறுகளில் அமிலம் கலந்த தண்ணீரை இறக்கி மறுபக்கம் உறிஞ்சி எடுத்தால் யுரேனியம் கரைந்து வரும். இயற்கை படியவைத்ததை மறுபடி கரையவைப்பது, அவ்வளவுதான். குழி இல்லை, கழிவுமேடு இல்லை, பாறைக்கு அடியில் ஆள் இல்லை.

மார்ச் 9, இரவு 11.30

மாலையில் எழுதியதைத் திரும்பப் படித்தால் விளம்பரம் மாதிரி இருக்கிறது. அதனால் இன்னொரு பக்கத்தையும் சேர்க்கிறேன். செக் நாட்டில் ஸ்ட்ராஷ் பொட் ரால்ஸ்கெம் என்ற இடத்தில் 1960-களின் பிற்பகுதியிலிருந்து 1996 வரை நிலத்துக்குள் சுமார் 40 லட்சம் டன் கந்தக அமிலம் இறக்கினார்கள். பக்கத்திலேயே சாதாரணச் சுரங்கம் ஒன்றில் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்ததால் நிலத்தடி நீரின் ஓட்டமே மாறி, அமிலம் எல்லை தாண்டியது. நிறுத்தியதிலிருந்து அந்த நீரை வெளியே எடுத்துச் சுத்தப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள், பல பத்தாண்டு வேலை. குழி தெரிந்தால் ஊர் கேள்வி கேட்கும். நிலத்தடி நீர் கண்ணுக்குத் தெரியாது, கண்காணிப்புக் கிணறுகளை நம்பித்தான் எல்லாம். களிமண் அடுக்கில் பழைய துளை ஒன்றைச் சரியாக அடைக்காமல் விட்டிருந்தால் அதுவே போதும். துளை அடைக்கும் வேலையை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அவசர அவசரமாக முடிப்பதை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன், அந்த பயம்.

மார்ச் 11, காலை 7.05

ஆலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நொறுக்கு, அரை, கந்தக அமிலத்தோடு மாங்கனீஸ் டை ஆக்சைடோ சோடியம் குளோரேட்டோ சேர்த்துக் கரை, சேற்றைப் பிரி, கரைசலில் இருந்து யுரேனியத்தை மட்டும் ரெசினிலோ கரைப்பானிலோ பிடி, அம்மோனியாவோ ஹைட்ரஜன் பெராக்சைடோ போட்டு வீழ்படிவாக்கு. ஆக்சிஜனேற்றி சேர்ப்பது எதற்கு என்றால், கரையாத முகத்தைக் கரையும் முகமாக மாற்ற, அதாவது மழைநீர் செய்த அதே வேலையை அவசரமாக ஒரு தொட்டிக்குள் செய்ய. பாறையில் சுண்ணாம்பு வகைக் கனிமம் அதிகமிருந்தால் அமிலம் முழுவதையும் அதுவே குடித்துவிடும், அப்போது சோடியம் கார்பனேட் வழி. ஆந்திரத்தின் தும்மலபள்ளியில் பாறை டாலமைட் வகை என்பதால் அந்தக் காரவழியில் செல்கிறார்கள்.

கடைசியில் கிடைக்கிற அந்த வீழ்படிவுக்குத்தான் யெல்லோ கேக் என்று பெயர், ஆனால் அது எப்போதும் மஞ்சளாக இருக்காது. நன்றாகச் சுட்டு உலர்த்தினால் கரும்பச்சை, கறுப்பு வரை போகும். 200 லிட்டர் இரும்பு டிரம்மில் அடைத்தால் 400 கிலோ அளவு நிற்கும்.

மார்ச் 11, இரவு 8.20

இல்லை, டிரம்மை வைத்து யாரும் குண்டு செய்ய முடியாது. அதில் உள்ளதில் 0.72 சதவீதம்தான் யுரேனியம் 235. சாதாரண மின் உலைக்கே 3 முதல் 5 சதவீதம் வரை செறிவூட்ட வேண்டும், குண்டுக்கு அதைவிடப் பல மடங்கு. மஞ்சள் தூளைத் தின்றால் முதலில் கெடுவது சிறுநீரகம், கனஉலோக விஷமாக. கேட்டவர் தின்னும் திட்டத்தில் இல்லை என்று நம்புகிறேன்.

மார்ச் 13, இரவு 10.45

உண்மையில் ஆளைக் கொன்றது ரேடான், ரேடியம் சிதைந்து பிறக்கிற வாயு. ஜெர்மனியின் ஷ்னீபெர்க், எல்லைக்கு அந்தப் பக்கம் செக் நாட்டின் யாகிமோவ், இரண்டும் முதலில் வெள்ளிக்காகத் தோண்டிய இடங்கள். அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் நெஞ்சு நோயில் இளமையிலேயே சாவது 1500-களிலேயே தெரிந்திருந்தது. 1879-இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரண்டு மருத்துவர்கள் அது நுரையீரல் கட்டி என்று எழுதினார்கள். காரணம் புரிய இன்னும் நெடுநாள் ஆனது. ரேடான் வாயு 3.8 நாள் அரை ஆயுள் கொண்டது, மூச்சில் உள்ளே போய் வெளியே வந்துவிடும். அது சிதைந்து பிறக்கிற பொலோனியம் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலிலேயே தங்கி ஆல்ஃபா கதிர் வீசும். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

தீர்வு காற்று, வேறொன்றுமில்லை. நான் இருந்த சுரங்கத்தில் முட்டுச்சந்துப் பாதைகளில் விசிறி நின்றுபோனால் வாயிலில் சங்கிலி விழும், விசிறி ஓடி, அளவெடுத்து, எழுதிவைத்த பிறகுதான் சங்கிலி கழலும். ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் ஐந்து நிமிட வேலைதான் என்று சங்கிலியைத் தாண்டப் பார்த்தார். பம்ப் பார்க்க வந்த பையன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டான். அவனுக்குத் திட்டுதான் கிடைத்தது.

மார்ச் 15, மதியம் 2.30

கழிவைப் பற்றி. தொடக்கத்திலேயே "280 டன் சேற்றை என்ன செய்வது" என்று கேலியாக எழுதிவிட்டு விட்டுவிட்டேன், ஆனால் இந்தத் தொழிலின் பெரிய பில் அங்கேதான் வருகிறது. ஆலை யுரேனியத்தை எடுத்துக்கொள்கிறது; தோரியம் 230, ரேடியம் முதலான மீதிப் படிகள் சேற்றோடு போகின்றன. தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் கழிவிலேயே நிற்கிறது. விற்றது போக எஞ்சியதுதான் கதிரில் பெரும்பங்கு. செம்புச் சுரங்கத்தின் கழிவுக் குளத்துக்கும் அமிலக் கசிவு, கரை உடைப்பு என்று தலைவலிகள் உண்டு, ஆனால் அங்கே ரேடான் கசியாமல் களிமண் போட்டு மூடும் வேலை கிடையாது.

1979 ஜூலை 16, நியூ மெக்சிகோவின் சர்ச் ராக்: கழிவுக் குளத்தின் கரை உடைந்து 1,000 டன்னுக்கு மேல் திடக்கழிவும் 35 கோடி லிட்டர் அளவுக்கு அமில நீரும் ஓடையில் இறங்கின. கீழே நவஹோ மக்கள் ஆடு மேய்க்கிற நிலம். அதே ஆண்டு மார்ச்சில் நடந்த திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து எல்லோருக்கும் நினைவிருக்கிறது, இதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? உலை என்றால் செய்தி, கழிவுக் குளம் என்றால் உள்பக்கத்தில் ஒரு பத்தி.

மார்ச் 16, காலை 7.45

கழிவு எல்லா நாளும் கழிவாகவே இருக்காது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். யாகிமோவில் வெள்ளிக்காரர்கள் கறுப்புக் கல்லை ஓரமாக எறிந்தார்கள். ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத் 1789-இல் புதிய தனிமம் இருப்பதாக அறிவித்தது பிட்ச்பிளெண்டை ஆராய்ந்துதான். பிறகு கண்ணாடிக்கு மஞ்சள் பச்சை நிறம் ஏற்ற யுரேனியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டினார்கள். அந்த மிச்சத்தை டன் கணக்கில் வரவழைத்துத்தான் மேரி கியூரி ரேடியம் பிரித்தார். அப்போது ரேடியத்துக்கு மவுசு, யுரேனியம் கழிவு. பிறகு அதுவும் தலைகீழானது. விட்வாட்டர்ஸ்ராண்டிலும் தங்கக் கழிவு மேடுகளிலிருந்து யுரேனியம் எடுத்திருக்கிறார்கள். அரைக்கிற செலவை ஏற்கெனவே தங்கம் கொடுத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம் உலகின் மிகப் பெரிய யுரேனியப் படிவம், ஆனால் அதன் வயிற்றுப்பாடு செம்பில். யுரேனியம் கூட வருகிற சரக்கு.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் கிரானைட்டில் வேறு ஏதாவது உலோகம் செலவைத் தாங்கினால், அந்த 4 கிராமுக்கும் ஒரு நாள் விடியலாம்.

மார்ச் 18, இரவு 9.15

தோரியம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டில் யுரேனியத்தைப் போல மூன்று நான்கு மடங்கு உண்டு. ஆனால் அதற்கு அந்த இரண்டு முகம் கிடையாது, ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீரில் கரைய மாட்டேன் என்கிறது. அதனால் மணற்கல்லில் பிறையெல்லாம் தேடிப் பயனில்லை. மோனசைட் என்ற கனிம மணிக்குள் இருந்தபடியே உருண்டு வந்து கடற்கரை மணலில் சேர்கிறது, கனமான மணி என்பதால் அலை அதை இல்மனைட், சிர்க்கான் போன்ற மற்றக் கனமான மணிகளோடு சலித்துத் தருகிறது. அங்கே வெடியும் வேண்டாம், அரைவையும் வேண்டாம். சுருள் சரிவுகளும் காந்தமும் மின்புலப் பிரிப்பானும் போதும். கரைக்கிற கட்டத்தில்தான் மோனசைட் தன் குணத்தைக் காட்டும், சூடான காரத்தில் நெடுநேரம் வேகவைக்க வேண்டும்.